கையின் மறதி

ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: அவர்கள் தங்கள் கையைப் பார்ப்பதில்லை. பேச்சு ஒரு பக்கம் ஓடும். மாவு விரல்களுக்கு நடுவே முறுக்கிக்கொண்டு வட்டமாக இறங்கும். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டால் போச்சு, கை தடுமாறும். பிரசவத்துக்குப் போய் வருஷம் கழித்து வந்து உட்காருகிறவளுக்கு முதல் நாள் இழை அறுந்து அறுந்து போகும். பிறகு கை திரும்பிவிடும். இதை யாரும் திறன் என்பதில்லை. பழக்கம் என்பார்கள்.

அறுவை மருத்துவரின் கைக்கு வந்ததும் இதே பழக்கம் ஆராய்ச்சிப் பொருளாகிறது. சாவித்துவார அறுவை எனப்படும் லேப்ராஸ்கோப்பியில் வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறு துளைகள் வழியே கேமராவும் நீண்ட கருவிகளும் போகின்றன. கருவி வயிற்றுச் சுவரில் நெம்புகோல் மாதிரி திரும்புவதால் கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும். திரை தட்டை, ஆழம் தெரியாது. அதுவரை கற்ற கை இங்கே குழந்தையாகிறது. 1980ல் ஜெர்மனியின் கீல் நகரில் மகப்பேறு மருத்துவர் குர்ட் செம் குடல்வாலை இப்படி எடுத்தபோது அறுவை மருத்துவர்கள் கொதித்தார்கள். 1985ல் எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தார். 1990ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டெம்டன் உத்வாடியா. தொண்ணூறுகளில் கோவையில் இதை வேரூன்றச் செய்த பழனிவேலு நம் நாமக்கல் சீமைக்காரர், சிறுவயதில் மலேசியத் தோட்டத்தில் வேலை பார்த்த கை அவருடையது.

இதைப் பழகுவது யார் உடம்பில்? வெகுகாலம் பதில் ஒன்றுதான்: பொது வார்டில் படுத்திருப்பவர் உடம்பில். சிமுலேட்டர் இந்த இடத்தில் நியாயமான காரியம் ஒன்றைச் செய்தது. 2002ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பதினாறு பயிற்சி மருத்துவர்களை வைத்துச் செய்த ஆய்வில், சிமுலேட்டரில் பழகியவர்கள் பித்தப்பையை 29 சதவீதம் வேகமாகப் பிரித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது.

சரி, பழகிய கை எத்தனை நாள் நினைவு வைத்திருக்கும்? 2006ல் டொரன்டோவில் 38 இளம் மருத்துவர்களுக்கு நுண்குழாய் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இது சாவித்துவார அறுவையல்ல, ஆனால் கேள்வி அதேதான். ஒரு பாதிப் பேருக்கு எல்லாப் பாடமும் ஒரே நாளில். மறு பாதிக்கு அதே பாடம் வாரம் ஒன்றாக நான்கு வாரம். பயிற்சி முடிந்த கையோடு சோதித்தபோது இரு சாராரும் தேறியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து, வாரம் வாரம் வந்தவர்கள் மேலே நின்றார்கள். கற்பது எவ்வளவு என்பதைவிட, திரும்பத் திரும்ப வருவதற்கு இடைவெளியோடு வாய்ப்பு இருந்ததா என்பதே முக்கியம். மறதி மூளையின் பலவீனம் மட்டுமல்ல. வாய்ப்பு யாருக்கு என்பதும் அதில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் பழம்பெருமை பேசுவோர் சுசுருதரைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரட்டும். சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானம், ஒன்பதாம் அத்தியாயம் முழுக்கப் பயிற்சிதான்: பூசணி, சுரை, வெள்ளரியில் அறுத்துப் பழகு, நீரும் சேறும் நிரப்பிய தோல்பையில் கீறிப் பழகு, செத்த விலங்கின் நாளத்திலும் தாமரைத் தண்டிலும் குத்திப் பழகு, தடித்த துணியில் தைத்துப் பழகு. அசல் சிமுலேட்டர். பிரதி அழியவில்லை. கைதான் போய்விட்டது. ஏன்? வைத்தியன் தரும் சோறு சீழுக்குச் சமம் என்கிறது மனு. உடம்பைத் தொடுவது தீட்டு என்ற சமூகத்தில் ஏடு ஒரு சாதியிடமும் கத்தி இன்னொரு சாதியிடமும் பிரிந்து நின்றன. 1835ல் சுசுருதத்தை அச்சேற்றிய மதுசூதன் குப்தாவேதான் 1836ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுத்தார். அதைப் பெரும் புரட்சி என்று கொண்டாடினார்கள். நூல் முழுதும் தெரிந்தவருக்கு அறுப்பது புதுக் காரியம்!

அதற்கு நாற்பதாண்டு முன்பே, புனே பக்கத்தில் ஒருவர் மூக்கறுபட்ட மாட்டுவண்டிக்காரர் கொவாஸ்ஜிக்கு நெற்றித் தோலை எடுத்து மூக்கு கட்டினார். லண்டன் பத்திரிகை 1794ல் படத்தோடு அச்சிட்டது. நோயாளியின் பெயர் இருக்கிறது. கட்டியவரின் பெயர் இல்லை, செங்கல் செய்யும் சாதி என்பது மட்டும் இருக்கிறது. அதைப் படித்துப் பிணங்களில் பழகி, 1814ல் லண்டனில் செய்துகாட்டிய ஜோசப் கார்ப்யூவின் பெயர் வரலாற்றில் ஏறியது. நம் பக்கத்தில் கட்டி கீறிய நாவிதரும் பிள்ளை எடுத்த மருத்துவச்சியும் அதே வரிசைதான். 1914ன் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலைமருத்துவம் படித்தவர்களுக்கே பதிவேடு திறந்தது. மற்றவர் கைகள் மறந்தன என்று சொல்லுகிறோம். மறக்கவைக்கப்பட்டன என்று சொல்லத் தயக்கமா?

இன்றைய பயிற்சி மருத்துவருக்கும் இது வேறு ரூபத்தில் வருகிறது. இரண்டு நாள் பட்டறை, ஒரு சான்றிதழ், குரூப் போட்டோ. பிறகு லேப்ராஸ்கோப்பிக் கருவியே இல்லாத ஒரு தாலுகா மருத்துவமனையில் காய்ச்சலும் விபத்துக் காயமும் பார்த்துக்கொண்டிருந்தால் முதலில் தளர்வது உள்ளே போடும் தையலும் முடிச்சும்தான். அவரைத் திறமையில்லாதவர் என்பது எளிது. விலையுயர்ந்த இயந்திரம்கூட வேண்டாம்: ஓர் அட்டைப்பெட்டி, கைபேசிக் கேமரா, ஓய்வுபெற்ற இரண்டு கருவிகள், சந்தையில் வாங்கிய சுரைக்காய். பெட்டி கிடைத்துவிடும். 24 மணி நேர டூட்டி முடித்து வருகிறவருக்கு வாரம் ஒரு மணி நேரம் பெட்டி முன்னால் உட்கார எந்த டூட்டிப் பட்டியலில் இடம் போட்டிருக்கிறார்கள்?