ஆண்களுக்கான பயண யோசனைகள்: ஒரு பெண்ணின் வாசிப்பு

தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்கு உலகம் ஓயாமல் யோசனை சொல்கிறது. இருட்டிய பிறகு வெளியே போகாதே, தோளை மூடிக்கொள், விரலில் மோதிரம் போட்டுக்கொள், யாராவது கேட்டால் கணவர் பின்னால் வருகிறார் என்று சொல். தனியாகப் போகும் ஆணுக்கும் யோசனைகள் உண்டு. குறிப்பாகத் தாய்லாந்து போகும் ஆணுக்கு நிறையவே உண்டு. எந்தத் தெருவில் என்ன விலை, எப்படிப் பேரம் பேசுவது, பர்ஸை எங்கே வைப்பது, எந்தப் பெண்ணை நம்பக்கூடாது என்று அவை போகும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பெண்ணுக்கான யோசனைகளில் ஆபத்து ஆணிடமிருந்து வருகிறது. ஆணுக்கான யோசனைகளில் அது பெண்ணிடமிருந்து வருகிறது.

சில காலமாக இந்த இரண்டாம் வகையைச் சேகரித்து வாசித்துவருகிறேன். ஆங்கிலப் பயணக் கையேடுகளில் தொடங்கி, இன்று தமிழில் ‘பேச்சிலர் ட்ரிப்’ என்ற பெயரில் வரும் காணொளிகள்வரை இவை ஏறக்குறைய ஒரே அறிவுரைகளையே சொல்கின்றன. அருவருத்து ஒதுக்கிவிடலாம்தான். ஆனால், எழுதிவைக்க வாய்ப்பில்லாத பெண்களின் வரலாற்றை நாம் எங்கிருந்தெல்லாமோ எடுத்திருக்கிறோம். காவல்துறைப் பதிவேடு, மருத்துவமனைக் குறிப்பு, நீதிமன்ற வாக்குமூலம் என அவை எதுவும் அந்தப் பெண்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆண் பயணிக்கான யோசனையையும் அப்படி வாசிக்கலாம். அவனுக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அவளுடைய வேலையிடத்தின் விதி ஒன்று இருக்கிறது.

முதல் யோசனை பெரும்பாலும் சட்டத்தைப் பற்றியது: ‘அங்கே இது சட்டப்படி தடைதான், ஆனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.’ பயணிக்கு இது ஆறுதல். பெண்ணுக்கு இது எப்படி நேர்ந்தது? சயாம் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலியல் தொழில் அங்கே பதிவுசெய்யப்பட்டு, மருத்துவப் பரிசோதனையோடு அனுமதிக்கப்பட்டிருந்தது. 1960இல் ராணுவ ஆட்சி அதைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின்படி பெண் குற்றவாளி. தண்டனை முடிந்த பிறகும் அவளைச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பலாம். வாங்க வந்த ஆணுக்கு அதில் தண்டனை இல்லை. ஆறே ஆண்டுகளில், 1966இல், கேளிக்கை இடங்களுக்கான சட்டம் வந்தது. நடன அரங்கு, மதுக்கூடம், மசாஜ் நிலையம் ஆகியவற்றுக்கு உரிமம் கிடைத்தது. உள்ளே வேலை பார்க்கும் பெண் ‘சேவை’ செய்பவள் ஆனாள். கடைக்கு உரிமம், அவள் செய்வது குற்றம். இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவிலுள்ள இடுக்கில்தான் அந்த ‘யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்’ இருக்கிறது. காவலர் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அது அவள் சம்பாத்தியத்திலிருந்துதான் போகிறது.

1966 என்ற ஆண்டு தற்செயல் அல்ல. அப்போது வியட்நாம் போர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உதாபாவ், கொராட், உதோன், உபோன், தக்லி, நக்கோன் பனோம் ஆகிய இடங்களின் விமானத் தளங்களிலிருந்து அமெரிக்க விமானங்கள் குண்டு போடப் பறந்தன. உச்ச கட்டத்தில் தாய்லாந்து மண்ணில் சுமார் 50,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். இவர்கள் போக, வியட்நாமில் போரிட்ட சிப்பாய்களுக்கு ‘ஓய்வும் பொழுதுபோக்கும்’ என்ற பெயரில் சில நாள் விடுப்பு கிடைத்தது. அந்த விடுப்புக்காக அவர்களைத் தாய்லாந்துக்கு அனுப்ப 1967இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மனைவியைச் சந்திக்க விரும்பிய மணமானவர்கள் ஹவாய்க்குப் போனார்கள். மற்றவர்களில் பலர் பாங்காக்குக்கு வந்தார்கள். பாங்காக்கின் நியூ பெட்சபுரி சாலை அவர்களுக்காக விளக்குப் போட்டுக்கொண்டது. பட்டாயா என்ற மீனவர் ஊர் கடற்கரை விடுதிகளின் ஊரானது. தனியாக வரும் ஆணுக்கென்று ஒரு நகரத்தையே ஒழுங்குபடுத்தும் வேலை அன்று நடந்தது. இன்றைய யோசனைகளில் வரும் தெருப்பெயர்கள் பலவற்றின் பூர்வகதை இதுதான்.

இரண்டாவது யோசனை உடல்நலம்: ‘நோய் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.’ நல்ல அறிவுரைதான். ஆனால் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுவதற்கு? ராணுவங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவை. நம் ஊரிலேயே 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் கண்டோன்மெண்டுகளில் ‘லாக் ஆஸ்பத்திரி’கள் இருந்தன. வெள்ளைச் சிப்பாயின் நலனுக்காகப் பெண்களைப் பதிவுசெய்து, பரிசோதித்து, நோய் கண்டால் குணமாகும்வரை பூட்டிவைத்தார்கள். அதே தர்க்கம் தாய்லாந்தின் தளங்களைச் சுற்றியும் வேலை செய்தது. பரிசோதனை அட்டை பெண்ணிடம் இருந்தால் ஆண் நிம்மதியாக இருக்கலாம்.

இந்தத் தர்க்கத்தின் விலை 1980களின் இறுதியில் தெரிந்தது. சுற்றுலா வருமானம் கெட்டுவிடும் என்ற பயத்தில் எய்ட்ஸ் பற்றி உரக்கப் பேச அரசு தயங்கிக்கொண்டிருந்தது. 1989இல் நடந்த கண்காணிப்பு ஆய்வில் சியாங் மாய் விபச்சார விடுதிகளின் பெண்களில் 44 சதவீதம் பேரிடம் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அந்த விடுதிகளுக்குப் பெரும்பாலும் போய்வந்தவர்கள் உள்ளூர் ஆண்கள். வெளிநாட்டுப் பயணி கண்ணில் படும் பகுதி மட்டுமே இந்தத் தொழிலின் முழு அளவு அல்ல. 1991இல் நாடு முழுவதும் நூறு சதவீத ஆணுறைத் திட்டம் வந்தது. ‘ஆணுறை இல்லையென்றால் சேவை இல்லை’ என்பதை விடுதி முதலாளிகளின் பொறுப்பாக அரசு ஆக்கியது. தொற்று வேகமாகக் குறைந்தது. உலகம் பாராட்டிய திட்டம் இது. ஒரு பெண் தனியாக ‘முடியாது’ என்று சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவான். எல்லாக் கடையிலும் அதே பதில் கிடைத்தால்தான் அவள் சொல்லுக்கு வலு வரும் என்பதை அது ஒத்துக்கொண்டது. ஆனால் வாடிக்கையாளர்களிடம் வரும் நோய்க்கு அவர்கள் சொல்லும் விடுதியின் பெயரே அடையாளம். பரிசோதனைக்கு ஆளாவது அங்கேயுள்ள பெண்கள்தான்.

மூன்றாவது யோசனை பணம். ‘பார் ஃபைன்’ எவ்வளவு, ‘லேடி டிரிங்க்’ எவ்வளவு என்று பட்டியல் இருக்கும். பார் ஃபைன் என்பது வேலை நேரத்தில் ஒரு பெண்ணை வெளியே அழைத்துப்போக ஆண் கடைக்குக் கட்டும் தொகை. லேடி டிரிங்க் என்பது அவளுக்கு அவன் வாங்கித்தரும் மது. விலை கூடுதல், அதில் சிறு பங்கு அவளுக்கு. ‘அடுத்தடுத்து டிரிங்க் கேட்பாள், ஏமாறாதீர்கள்’ என்று எச்சரிக்கிறார்கள். அவள் ஏன் கேட்கிறாள்? மாதம் இத்தனை டிரிங்க் விற்க வேண்டும், இத்தனை முறை வெளியே போக வேண்டும் என்று பல கடைகளில் இலக்கு உண்டு. எட்டாவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். தாமதமாக வந்தால் பிடித்தம். எடை கூடினாலும் பிடித்தம். பாலியல் தொழிலாளர்களோடு இயங்கும் ‘எம்பவர்’ அமைப்பு இவற்றையெல்லாம் பதிவுசெய்திருக்கிறது. அவள் செய்வது குற்றமாக இருக்கும்வரை, இந்தப் பிடித்தங்களை எதிர்த்துத் தொழிலாளர் துறையின் படியேறுவது அவளுக்குச் சுலபமல்ல. ஆண் பார்வையில் பேராசையாகத் தெரிவது கணக்கு நோட்டில் ஒரு விற்பனை இலக்கு.

நான்காவது யோசனை எனக்கு எப்போதும் உறுத்துவது: ‘குடும்பக் கதை சொல்வாள், நம்பாதீர்கள்.’ நோயாளி அம்மா, படிக்கும் தம்பி, கடனில் இருக்கும் நிலம். பொருளாதார அறிஞர் பாசுக் பொங்பைச்சித் பாங்காக் மசாஜ் நிலையங்களில் வேலை பார்த்த 50 பெண்களிடம் பேசி எழுதிய ஆய்வை 1982இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்டது. பெரும்பாலோர் வடக்கு, வடகிழக்குக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். சம்பாத்தியத்தில் கணிசமான பங்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் வீடு எழும்பியது, உடன்பிறந்தவர்கள் படித்தார்கள். அந்தப் பெண்கள் குடும்பத்தைவிட்டு ஓடிவந்தவர்கள் அல்ல, நகரத்தை நோக்கிச் சாய்ந்துவிட்ட பொருளாதாரத்தில் விவசாயக் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் என்பது பாசுக்கின் வாதம். அங்கே ‘புன் குன்’ என்று ஒரு சொல் உண்டு. பெற்றோருக்குப் பட்ட நன்றிக்கடன் என்று பொருள் கொள்ளலாம். நமக்குப் பழகிய புண்ணியமும் குணமும் சேர்ந்த சொல் அது. மகன் துறவியாகிச் சில மாதம் மடத்தில் இருந்தால் பெற்றோருக்குப் புண்ணியம் சேரும். பெண்ணுக்கு அந்த வழி இல்லை. அவள் மாதாமாதம் பணம் அனுப்பித்தான் கடனைத் தீர்க்க வேண்டும். நம்பக்கூடாத கதை என்று பயணிக்குச் சொல்லப்படுவது, ஒரு பிராந்தியத்தின் பொருளாதார வரலாறு.

ஐந்தாவது யோசனை மிகச் சிறியது: ‘அறைக்கு அழைத்துவந்தால் அவள் அடையாள அட்டையை விடுதி வரவேற்பில் கொடுக்கச் சொல்லுங்கள்.’ பொருள் திருடுபோகாமல் இருக்கவும், வயதைச் சரிபார்க்கவும் என்கிறார்கள். திருட்டுதான் முதலில் வருகிறது. 1984 ஜனவரியில் பூக்கெட்டில் ஒரு விடுதி தீப்பிடித்தபோது, உள்ளே பூட்டிவைக்கப்பட்டிருந்த ஐந்து இளம்பெண்கள் வெளியேற முடியாமல் எரிந்து இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. அதன்பின் ஒரு பத்தாண்டுக்கும் மேலான பெண்கள் இயக்க, குழந்தை உரிமை இயக்க வேலைக்குப் பிறகே 1996இன் புதிய சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை நாடும் வாடிக்கையாளருக்கு அது சிறைத்தண்டனை வைத்தது. பிள்ளையை விற்கும் பெற்றோருக்கும் வைத்தது. வயது வந்த பெண்ணின் தொழில் அப்போதும் குற்றமாகவே தொடர்ந்தது. இன்று ஆண் பயணி அடையாள அட்டையைப் பற்றிக் கவலைப்படுகிறான் என்றால், அந்தக் கவலையை அவனுக்குள் வைத்தது அவனுடைய மனசாட்சி மட்டுமல்ல.

சிப்பாய்கள் 1976இல் போய்விட்டார்கள், கட்டில்கள் மிஞ்சின. அவற்றை நிரப்ப விமானம் நிறைய ஆண்கள் வந்தார்கள், ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும். 1980இல் துணைப் பிரதமர் பூன்சு ரோஜனசத்தியன் மாகாண ஆளுநர்களிடம், சிலருக்கு அருவருப்பாகத் தோன்றக்கூடிய கேளிக்கைகளையும் வேலைவாய்ப்பைக் கருதிச் சுற்றுலாவுக்காக ஏற்றுக்கொள்ளச் சொன்னார். 1987 ‘தாய்லாந்துக்கு வருகை தரும் ஆண்டு’ என்று கொண்டாடப்பட்டது.

இதைப் பார்த்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1973 இறுதியில் தென்கொரிய மாணவிகள் கிம்போ விமான நிலையத்தில், பெண்களைத் தேடி வந்த ஜப்பானியச் சுற்றுலாக் குழுக்களை எதிர்த்து நின்றார்கள். அதே மாதம் டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் ஜப்பானியப் பெண்கள் தங்கள் நாட்டு ஆண்களை எதிர்த்து நின்றார்கள். 1981இல் ஜப்பானியப் பிரதமர் சுசுகி தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்தபோது மணிலாவிலும் பாங்காக்கிலும் பெண்கள் அமைப்புகள் இதே கேள்வியோடு அவரை எதிர்கொண்டன. புறப்படும் இடத்திலேயே ஆண்களைக் கேள்வி கேட்ட அந்த ஹனேதாப் பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த ஊர்ப் பெண்கள் மோசம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்வது யார், செலவு யாருடையது என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி இப்போது நமக்கும் உரியது. விற்பனை இலக்கை எட்டிய முகவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நிறுவனங்கள் தாய்லாந்துப் பயணத்தைப் பரிசாகத் தருவது தமிழ்நாட்டில் பழகிப்போன ஒன்று. 2023 நவம்பரில் இந்தியர்கள் விசா இல்லாமலே போகும் வசதி வந்தது. போகிறவர்கள் எல்லோரும் இதற்காகப் போகிறார்கள் என்பதல்ல. ஆனால், ‘பட்டாயா’ என்ற பெயரைச் சொன்னதும் ஆண்கள் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுகிறதே, அதைக் கேட்காத பெண் நம்மில் யார்? அந்தச் சிரிப்புக்கு நாம் காட்டும் கோபம் சுலபமாக ‘அந்த ஊர்ப் பெண்கள்’மேல் திரும்பிவிடுகிறது. வீட்டில் இருப்பவளையும் மதுக்கூடத்தில் நிற்பவளையும் எதிரெதிரே நிறுத்துவது அந்தச் சிரிப்புக்கு வசதி. அந்த மனைவிக்கு வரக்கூடிய நோயைப் பற்றி நான் வாசித்த யோசனைகள் எதிலும் ஒரு வரி இல்லை.

பாலியல் தொழிலை ஒழிக்க வேண்டுமா, உழைப்பாக ஏற்று உரிமைகளைப் பெற வேண்டுமா என்பதில் பெண்ணியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பூக்கெட் தீயை மனதில் வைத்துப் பேசுபவர்களையும், சம்பளப் பிடித்தத்தை மனதில் வைத்துப் பேசுபவர்களையும் நான் மதிக்கிறேன். என் நிலைப்பாடு இரண்டாமவர்களுக்கு அருகில் இருக்கிறது. பூட்டிய கதவைத் திறப்பதற்கும் பிடித்தத்தைக் கேள்வி கேட்பதற்கும் அந்தப் பெண் முதலில் குற்றவாளியாக இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே காரணம்.

1985இல் சந்தவிபா அபிசுக் பாங்காக்கின் பட்போங் பகுதியில் எம்பவரைத் தொடங்கியபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று ஆங்கில வகுப்பு. விலை சொல்ல, மறுக்க, ஆணுறை கேட்க, வாடிக்கையாளர் தங்களைப் பற்றி என்ன பேசுகிறான் என்று புரிந்துகொள்ள. 2006இல் எம்பவரின் பெண்கள் சியாங் மாயில் சேர்ந்து பணம் போட்டு ‘கேன் டூ’ என்ற மதுக்கூடத்தைத் தொடங்கினார்கள். அங்கே சம்பளப் பிடித்தம் இல்லை, டிரிங்க் இலக்கு இல்லை, விடுமுறை உண்டு, சமூகப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. ஆண் பயணிக்கான யோசனைப் பட்டியலில் இப்படி ஒரு கடைக்கு இடம் கிடைப்பது அரிது. அந்தப் பட்டியல்களில் பேசப்படும் பெண்கள், தங்கள் வேலையிடத்துக்குத் தாங்களே எழுதிக்கொண்ட விதிகள் அவை.