சயாம் பாலமும் நம் தோட்டத்து மக்களும்



படிவம் 4 வரலாற்றில் ஜப்பானியர் ஆட்சிக்காலம் படிக்கிறோம். அதில் சயாம் மரண ரயில் பற்றி எழுதச் சொன்னால், பலருக்கு முதலில் ஞாபகம் வருவது குவாய் நதிப் பாலம்தான். 1957-இல் வந்த ஆங்கிலப் படம் அதை உலகப் புகழாக்கியது. ஆனால் படப்பிடிப்பு நடந்ததோ இலங்கையில்! உண்மையான பாலம் தாய்லாந்தில், காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முதலில் அடிப்படைத் தகவல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பர்மாவில் இருந்த படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஜப்பானியருக்கு ஆபத்தாகிவிட்டது. அதனால் 1942-இல், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கச் சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். 1943 அக்டோபரில் வேலை முடிந்துவிட்டது. பாதை நெடுக 600-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவை மரப்பாலங்கள்.

காஞ்சனபுரியில் முதலில் மரப்பாலம், பிறகு 1943-இல் இரும்புப் பாலம். அதன் இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து வந்தவை. நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் நடுப்பகுதி உடைந்தது. இன்று போய்ப் பார்த்தால், வளைந்த சட்டங்கள் பழையவை; நடுவில் கோணமாக நிற்கும் இரண்டும் போருக்குப் பின் பொருத்தியவை.

இதில் நெகிரி செம்பிலானுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கிழக்குக்கரை ரயில் பாதை நம் கெமாஸில்தான் தொடங்குகிறது. அந்தப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் மட்டுமா போனது? மனிதர்களும் போனார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டத்தில் சம்பளம் இல்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. அந்த நேரத்தில், "மூணு மாசம் வேலை, நல்ல சம்பளம்" என்று ஆசை காட்டினார்கள். அதை நம்பிப் போனவர்கள் உண்டு. வலுக்கட்டாயமாகப் பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. சரக்கு வண்டியில் நாள்கணக்காகப் பயணம். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000 பேர் அளவில் இருக்கும். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

ஒன்றைக் கவனமாக எழுதுங்கள். காஞ்சனபுரிப் பாலத்தைக் கட்டியதில் பெரும்பங்கு போர்க்கைதிகளுடையது. நம்மவர்கள் பாதை நெடுகக் காடு வெட்டினார்கள், மண் சுமந்தார்கள், மரப்பாலம் போட்டார்கள். கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். நம் மக்களுக்குப் பெரும்பாலும் அதுகூட இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது, முகாம் முகாமாகச் செத்தார்கள்.

இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கும் அதிகம். காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள். ஆனால் சரியான கணக்கு இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. வேலை வாங்கிய ஜப்பானியரே 1944-இல் பாலத்தருகே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதிலுள்ள பல மொழிகளில் தமிழும் ஒன்று. மொழிக்கு இடம் கிடைத்தது. ஆள்களின் பெயருக்குக் கிடைக்கவில்லை.

"போர்க்கைதிகளின் வரலாறு தெரிந்த அளவுக்குத் தோட்டத் தொழிலாளர்களின் வரலாறு ஏன் தெரியவில்லை?" உயர்நிலைச் சிந்தனைக் கேள்வியாக இதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், நாடு திரும்பிப் புத்தகம் போட்டார்கள். நம்மவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; திரும்பி வந்தவர்கள் மறுபடி பால்மரத்துக்கே போனார்கள். ஆவணம் இல்லாததால் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது. இதை மாணவர்கள் புரிந்துகொண்டாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரட்டும்: "நம்ம குடும்பத்துல சயாமுக்குப் போனவங்க யாராவது இருக்காங்களா?" பெயர், தோட்டம், திரும்பி வந்தாரா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி வகுப்பில் சேர்த்து வையுங்கள். போனவர்களின் பிள்ளைகளே இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.