உச்சிக்கிழான்

மாலதி மாற்றாளின் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துபோகிறது. பழிக்கு அஞ்சி, அந்தச் சிறு உடலைத் தூக்கிக்கொண்டு புகார் நகரத்துக் கோயில் கோயிலாக அலைகிறாள். சிலப்பதிகாரம், கனாத்திறம் உரைத்த காதை. அவள் ஏறி இறங்கிய கோயில்களில் ஒன்று உச்சிக்கிழான் கோட்டம். அதாவது சூரியன் கோயில்.

ஞாயிறு, கதிரவன், பகலவன் எல்லாம் நமக்குப் பழகிய பெயர்கள். உச்சிக்கிழானை இன்று யாரும் சொல்வதில்லை. உச்சி என்ற பாதியில் சிக்கல் இல்லை: உச்சிவெயிலில் அலையாதே என்று வீட்டில் திட்டு வாங்காதவர் உண்டா? கோயில்களில் உச்சிக்காலப் பூசை இன்றும் நடக்கிறது. கிழான்தான் மறந்துபோன பாதி.

கிழமை என்றால் உரிமை. அதை உடையவன் கிழான், கிழவன். தொல்காப்பியத்துக் கிழவனும் கிழத்தியும் காதலர்கள். தலையில் ஒரு நரை கிடையாது! கோவூர் கிழார், அரிசில் கிழார் என்று புலவர் பெயர்களிலும் ஊரோடு ஒட்டி நிற்பது இதே சொல்தான். இலக்கண வகுப்பை நினைத்துப் பாருங்கள்: ‘எனது கை’ தற்கிழமை, ‘எனது வீடு’ பிறிதின்கிழமை. அங்கேயும் பேச்சு உடைமையைப் பற்றியதே. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கு உரிய நாள். உச்சிக்கிழானைத் தொலைத்துவிட்டோம் என்றாலும், நாட்காட்டியில் வாரம் ஒருமுறை அவனுடைய உரிமைப் பத்திரத்தைக் கிழித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இளங்கோ இந்தப் பெயருக்கு முன்னால் ‘பகல்வாயில்’ என்று ஓர் அடை வைக்கிறார். உரைகாரர்கள் அதற்குக் கிழக்குத் திசை என்று பொருள் கொள்வார்கள். வாசல் கிழக்கில், உரிமை உச்சியில். பாதி நாள் நடையை இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார். அதே பட்டியலில் சந்திரன் கோயில் வெறும் நிலாக்கோட்டம்தான்.

பிற்காலத்தில் உச்சிக்கிழான் என்ற தமிழ்ப்பெயர் சூரியன் கோயிலுக்கு நிற்கவில்லை. கும்பகோணத்துக்கு அருகே உள்ள சூரியனார் கோயிலை முதலாம் குலோத்துங்கன் (1070–1120) காலத்துக் கல்வெட்டு ‘குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம்’ என்கிறது. ‘சூரியனார்’ என்று ‘ஆர்’ சேர்த்துச் சொல்லும் மரியாதை மட்டும் ஊர் வாயில் மிச்சம். என்னைக் கேட்டால், உச்சிக்கிழானுக்கு அது ஈடாகாது.

மாலதிக்கு அந்தக் கோட்டத்தில் விடை கிடைக்கவில்லை. கடைசியில் அவள் வரம் கிடந்தது பாசண்டச் சாத்தன் கோயிலில். இறந்த குழந்தையின் இடத்தில் குழந்தையாக வந்தவனும் சாத்தன்தான்.