உழவர் குடியில் உதித்த இயற்கைக் கவிஞர்

ஆங்கில இலக்கியத்தில் புனைவியல் இயக்கம் என்றவுடன் வேர்ட்ஸ்வொர்த், ஷெல்லி, கீட்ஸ் ஆகியோரின் பெயர்களே முதற்கண் நினைவிற்கு வரும். அவர்கள் வாழ்ந்த அதே காலத்தில், கதிரடிக்கும் கோலைப் பிடித்த கையாலேயே கவி எழுதிய ஒருவரும் வாழ்ந்தார். ஜான் கிளேர் என்பது அவர் பெயர். வயலில் உழைத்து உண்டவராதலின், அவருடைய இயற்கை நோக்கு ஏனையோர் நோக்கினின்றும் வேறுபட்டு நிற்கின்றது. ஒரு மனிதனிடமிருந்து அவன் பிறந்த நிலம் பறிபோகுமாயின் அதனோடு வேறு எவையெல்லாம் பறிபோகும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயர் வட்டாரத்து ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் 1793ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள் கிளேர் பிறந்தார். தந்தை கதிரடிக்கும் கூலியாள், தாயோ எழுத்தறியாதவர். வயல் வேலை இல்லாத திங்கள்களில் மட்டுமே சிறுவனுக்குப் பள்ளிப்படிப்பு வாய்த்தது. பதின்மூன்று வயதளவில் ஜேம்ஸ் தாம்சன் இயற்றிய ‘பருவங்கள்’ என்னும் கவிதை நூலைக் கண்ட அவர், ஒன்றரை ஷில்லிங் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். வேலை நாளில் உழவன் மகன் நூல் படிப்பதைப் பிறர் காணலாகாது என்று கூசி, பிரபு ஒருவரின் பூங்கா மதிலை ஏறிக் கடந்து, அங்கு மறைவாக அமர்ந்து படித்தார். கவி புனையும் வேட்கை அன்று அவருள் வேர்கொண்டது.

ஹெல்ப்ஸ்டனைச் சூழ்ந்து திறந்த வயல்களும், பொது மேய்ச்சல் நிலங்களும், எம்மன்சேல்ஸ் என்னும் புதர்க்காட்டு வெளியும் பரந்து கிடந்தன. உலகத்தின் விளிம்பைக் கண்டு வரலாம் என்றெண்ணிச் சிறுவன் கிளேர் ஒருநாள் அவ்வெளியைக் கடந்து நடந்தான். பழகிய பூக்களும் பறவைகளும் மறைந்த இடத்தில் திகைத்து நின்று, இருட்டும் வேளையில் வீடு திரும்பினான். தான் அறிந்த நிலமே அவனுக்கு உலகம்.

அவ்வுலகிற்கு 1809ஆம் ஆண்டில் முடிவு எழுதப்பட்டது. ஹெல்ப்ஸ்டனையும் அண்டை ஊர்களையும் தழுவிய நில அடைப்புச் சட்டம் அவ்வாண்டு நிறைவேறிற்று. ஊரார் பொதுவாகத் துய்த்துவந்த நிலத்தைப் பங்கிட்டு, தனியார் உடைமையாக்கி, வேலியிடுவதே அச்சட்டத்தின் நோக்கம். 1604 முதல் 1914 வரை இத்தகைய சட்டங்கள் 5,200க்கு மேல் இயற்றப்பட்டன. 68 இலட்சம் ஏக்கர் நிலம், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி, இவ்வாறு அடைக்கப்பட்டது. விளைச்சலைப் பெருக்க இது வழி என்று நிலவுடைமையாளர் வாதிட்டனர். ஆயின், பொதுவெளியில் ஒரு பசுவை மேய்த்தும் சுள்ளி பொறுக்கியும் வாழ்ந்த ஏழைக்கு அவ்வுரிமை அற்றுப்போயிற்று. மரங்கள் வீழ்ந்தன, ஓடைகள் திருப்பப்பட்டன, ஒற்றையடிப் பாதைகளில் தடைப்பலகைகள் எழுந்தன. இதனினும் கொடியது ஒன்றுண்டு. கூலிக்காக அந்த வேலிகளை நட்டவர்களுள் கிளேரும் ஒருவர்.

அவருடைய இயற்கைக் கொள்கை இந்தப் பின்னணியில் வைத்தே உணரத்தக்கது. நைட்டிங்கேல் என்னும் இராப்பாடிப் பறவையைப் பற்றிக் கீட்ஸும் பாடினார், கிளேரும் பாடினார். கீட்ஸின் உள்ளம் அப்பறவையின் குரலைப் பற்றிக்கொண்டு மனித வாழ்வின் நிலையாமையை நோக்கிப் பறந்தது. கிளேரோ புதரை மெல்ல விலக்கி, காய்ந்த ஓக் இலைகளாலும் பாசியாலும் அமைந்த கூட்டைக் கண்டு, முட்டைகளைத் தொடாது விலகுகின்றார். பறவைக்கும் பூவுக்கும் களைக்கும் மனிதனைப் போலவே மண்ணில் உரிமை உண்டு என்பது அவர் நம்பிக்கை. இறைவனின் படைப்பாற்றலை வானளாவிய மலைகளில் தேடாமல் வரப்போரத்துச் சிறு பூவிலேயே கண்டவர் அவர். நீர் உறையும் தறுவாய்க்கும் நத்தையின் ஓட்டுக்கும் தம் ஊரார் வழங்கிய சொற்களையே கவிதையிலும் ஆண்டார்.

கீட்ஸின் நூல்களை வெளியிட்ட ஜான் டெய்லரே கிளேரின் முதல் தொகுதியை 1820இல் வெளியிட்டார். ஓராண்டிற்குள் 3,000 படிகளுக்கு மேல் விற்பனையாயின. இலண்டன் மாநகரம் ‘குடியானவக் கவிஞரை’ வியந்து விருந்தளித்தது. ஆனால், செல்வத்தின் கொடுமையைச் சாடும் வரிகளை நீக்குமாறு புரவலரான ராட்ஸ்டாக் பிரபு வற்புறுத்தினார். பின்வந்த பதிப்பில் அவ்வரிகள் இடம்பெறவில்லை. குடியானவன் பாடுவதை உலகம் வரவேற்றது. குறை கூறுவதை விரும்பவில்லை. புதுமை தேய்ந்ததும் விற்பனையும் தேய்ந்தது. 1827இல் வெளிவந்த ‘இடையனின் நாட்காட்டி’ அவருடைய சிறந்த படைப்பாயினும் போதிய வரவேற்பைப் பெறவில்லை. பெருகிய குடும்பத்தை வறுமை வாட்டியது.

1832இல் நண்பர்களின் உதவியால் மூன்று மைல் தொலைவிலுள்ள நார்த்பரோவில் நல்லதொரு வீடு கிடைத்தது. மூன்று மைல் என்பது பிறர்க்குச் சிறு தொலைவு; கிளேருக்கோ அது வேற்று நாடு. அவருடைய மனம் தளர்ந்தது. 1837இல் எப்பிங் காட்டருகே ஒரு மனநோய் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1841 ஜூலையில் அங்கிருந்து தப்பி, கையில் காசின்றி, வழியோரப் புல்லைத் தின்று பசியாற்றி, நான்கு நாளில் ஏறத்தாழ 80 மைல் நடந்து வீடு வந்தார். இளமையில் தாம் நேசித்த மேரி ஜாய்ஸ் காத்திருப்பாள் என்று நம்பி நடந்தார். மேரியோ மூன்றாண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தாள். அவ்வாண்டு டிசம்பரில் நார்த்தாம்ப்டன் மனநோய் மருத்துவமனை அவரை ஏற்றது. செய்யுள் இயற்றும் பழக்கத்திற்குப் பல்லாண்டு அடிமைப்பட்டிருந்ததை மருத்துவர் நோய்க்குறிப்பிலேயே சேர்த்து எழுதினார்! அங்கும் கிளேரின் எழுதுகோல் ஓயவில்லை. ‘நான் இருக்கிறேன்’ எனப் பொருள்படும் தலைப்புடைய புகழ்பெற்ற கவிதை அங்குப் பிறந்ததே. 1864 மே 20ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் உடல் ஹெல்ப்ஸ்டன் மண்ணுக்கே திரும்பியது.

அவ்வூரருகே ஸ்வார்டி வெல் என்றொரு நிலம் உண்டு. அடைப்புக்குப்பின் கல்லுக்கும் மணலுக்கும் தோண்டப்பட்டுச் சீரழிந்த அந்நிலமே வாய்திறந்து தன் துயரை உரைப்பதாகக் கிளேர் ஒரு கவிதை இயற்றினார். நிலத்திற்கும் முறையிடும் உரிமை உண்டு என்னும் அக்கருத்து அந்நாளில் எவர் செவியிலும் ஏறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அவ்விடம் குப்பைக் குழியாகவும் கிடந்தது. இன்றோ அது பூக்களும் பறவைகளும் வாழும் இயற்கைக் காப்பிடம். வேலி நட்ட கூலியாளின் குரல் வேலி நட்டுவித்தவர்களின் ஆணையைக் கடந்து நிலைத்துவிட்டது. மண்ணின் சார்பில் வழக்குரைத்த அந்த ஏழைக் கவிஞருக்குக் காலம் தாழ்ந்து கிடைத்த தீர்ப்பு அது எனலாம்.