ஆக்சிஜன் மிகுதியும் விழித்திரையும்: விலங்கு ஆய்வுகளின் வரலாறு

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் உயிரைக் காக்கக் கொடுக்கும் ஆக்சிஜன், அளவு மீறினால் அதன் விழித்திரையைக் கெடுத்துவிடும். இந்தக் 'குறைமாத விழித்திரை நோய்' எப்படி உண்டாகிறது என்பதை மருத்துவ உலகம் பெரும்பாலும் பூனைக்குட்டி, சுண்டெலிக்குட்டிகளின் கண்களிலிருந்தே தெரிந்துகொண்டது.

நோயை முதலில் விவரித்தவர் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெரி (1942). கண்வில்லைக்குப் பின்னால் வெண்திசு படர்ந்து குழந்தைகளின் பார்வை போனது. சுமார் பத்தாண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வையிழந்தனர். வெளிச்சம், வைட்டமின் குறைவு, இரும்புச்சத்து என்று பலவற்றின் மீதும் சந்தேகம் விழுந்தது. மெல்போர்னின் கேட் கேம்ப்பெல் 1951இல் ஆக்சிஜனைச் சுட்டிக்காட்டினார். அதே காலத்தில் வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ், ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்துச் சோதித்தார். பிள்ளைக்கு மூச்சு முட்டுமே என்று பதறிய செவிலியர் சிலர், இரவில் யாருமறியாமல் குழாயைத் திறந்துவிட்டார்களாம். அன்று ஆக்சிஜனைக் குற்றவாளி என்பது அவ்வளவு கடினம்.

ஐயத்தைத் தீர்த்தவை பூனைக்குட்டிகள். மனிதக் கருவில் விழித்திரை இரத்தநாளங்கள் சுமார் 16ஆம் வாரத்தில் பார்வை நரம்பு முனையிலிருந்து கிளம்பி, பிறக்கும் தறுவாயில்தான் ஓரத்தை எட்டுகின்றன. பூனையிலோ, நாள் நிறைந்து பிறந்த குட்டிக்குக்கூட இந்த வேலை பாதியில்தான் நிற்கும். கண் திறக்காத பூனைக்குட்டியின் விழித்திரை, குறைமாதக் குழந்தையின் விழித்திரைக்கு ஒப்பானது. இயற்கையே வைத்திருந்த இந்த ஒற்றுமை இல்லையென்றால் ஆய்வு வெகுகாலம் தடுமாறியிருக்கும்.

லண்டனில் நார்மன் ஆஷ்டனும் கூட்டாளிகளும் 1953–54இல் குட்டிகளை 70–80 சதவீத ஆக்சிஜனில் சில நாட்கள் வைத்தனர். பிறகு நாளங்களில் இந்திய மையைச் செலுத்தி, விழித்திரையைப் பிரித்து விரித்துப் பார்த்தனர். நாளம் திறந்திருந்தால் மை ஓடிக் கருங்கிளைகள் தெரியும். ஆக்சிஜனில் இருந்த குட்டிகளில் கிளைகளே இல்லை; விழித்திரை வெறிச்சோடிக் கிடந்தது. நாளங்கள் முதலில் சுருங்கின, பிறகு நிரந்தரமாக அடைபட்டன. வளர்ந்த பூனைக்கு இப்படி எதுவும் ஆகவில்லை.

அடுத்து நடந்ததுதான் எவரும் எதிர்பாராதது. குட்டிகளைச் சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவந்ததும், பட்டினி கிடந்த விழித்திரையில் புதுநாளங்கள் தாறுமாறாக முளைத்தன. விழித்திரையை விட்டு வெளியேறி, விழியின் உட்கூழுக்குள்ளும் புகுந்தன. கேடு ஆக்சிஜன் பெட்டிக்குள் தொடங்கினாலும், அது வெளியே தெரிந்தது பெட்டியை விட்டு வந்த பிறகே. பாட்ஸும் விலங்குக் குட்டிகளில் நாளச் சேதத்தைக் காட்டினார். அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 1954இல் குழந்தைகளிலும் ஆக்சிஜனின் பங்கை உறுதிசெய்தது.

உடனே எங்கும் ஆக்சிஜனுக்குக் கடிவாளம் போட்டார்கள். பார்வையிழப்பு குறைந்தது; ஆனால் மூச்சுத்திணறலில் குழந்தைகள் இறந்தன. காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 உயிர்கள் விலையாகப் போயிருக்கலாம் என்று கென்னத் கிராஸ் 1973இல் கணக்கிட்டார். எவ்வளவு ஆக்சிஜன் போதும் என்ற கேள்விக்கு, நுரையீரல் நன்றாக இருந்த பூனைக்குட்டிகளால் விடை சொல்ல முடியவில்லை.

புதுநாளங்களைத் தூண்டும் பொருள் ஒன்று விழித்திரையிலேயே சுரக்க வேண்டும் என்று ஐசக் மைக்கேல்சன் 1948இலேயே ஊகித்திருந்தார். அதைச் சோதிக்க வழிதந்தது லோயிஸ் ஸ்மித் குழு 1994இல் வகுத்த சுண்டெலி முறை. பிறந்த 7ஆம் நாள் முதல் 12ஆம் நாள் வரை குட்டிகள் 75 சதவீத ஆக்சிஜனில் இருக்கும். 17ஆம் நாளில் நாள வளர்ச்சி உச்சம் தொடும். பாலூட்டத் தாயும் கூடவே இருக்கும். அதன் முதிர்ந்த விழித்திரை தாக்குப்பிடிக்கும், நுரையீரல்தான் பாதிக்கப்படும். ஆக்சிஜன் மிகுந்தால் 'வெஜ்எஃப்' என்னும் நாள வளர்ச்சிப் புரதம் குறைந்து நாளங்கள் மடிகின்றன, காற்றுக்குத் திரும்பினால் அதே புரதம் பெருகுகிறது என்பது 1995 வாக்கில் தெளிவானது. எலிகளில் ஜான் பென், 50 சதவீதமும் 10 சதவீதமுமாக ஆக்சிஜனை நாள்தோறும் மாற்றிக் கொடுத்து, ஏற்ற இறக்கமே பெருங்கேடு என்று காட்டினார்.

வெஜ்எஃப்பை முடக்கும் பெவாசிசுமாப் ஊசி, கடுமையான நோயில் பயன்தருவதாக 2011இல் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு கூறியது. சுண்டெலிக்கோ ஊசியே வேண்டாம். 25ஆம் நாள் வாக்கில் புதுநாளங்கள் தாமாக வற்றிவிடும். குழந்தைகளிலும் லேசான நோய் தானே அடங்குவதுண்டு. முற்றினால் விழித்திரை பெயர்ந்துவிடும். அந்தக் கட்டத்தைச் சுண்டெலியின் கண் காட்டுவதில்லை.