மார்புக்குள் ஒரு ஜன்னல்

சினிமாவில் ஒருவரை டாக்டர் என்று காட்ட வேண்டுமானால் டைரக்டர் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. ஒரு வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப், தீர்ந்தது காரியம். அந்த ஆசாமி வாயைத் திறக்காவிட்டாலும் கடைசி பெஞ்சு ரசிகருக்குக்கூட அவர் யார் என்று விளங்கிவிடும். இருநூறு வருஷங்களுக்கு மேலாக அந்தக் குழாய்க்கு இந்த மரியாதை நடந்து வருகிறது. இப்போது அதற்கு ஒரு போட்டி முளைத்திருக்கிறது. முகச்சவரம் செய்துகொள்ளும் மின்சாரக் கருவி அளவே உள்ள ஒரு சாதனம். அதை மார்பில் வைத்தால் கையிலுள்ள டெலிபோனின் திரையிலேயே இதயம் திறந்து மூடுவது தெரிகிறது. மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்த பையனுக்கும் பெண்ணுக்கும் இதைக் கற்பிக்கலாமா, கற்பித்தால் பழைய குழாயின் கதி என்ன என்று பல தேசங்களில் டாக்டர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தில் நாம் தலையிடுவதற்கு முன், சாதனத்தின் பூர்வ கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. நாமெல்லாம் "எக்கோ எடுத்தாயிற்றா?" என்று சர்வ சாதாரணமாகக் கேட்கிறோமே, அந்த எக்கோவின் கதைதான் இது.

மனித உடம்பைத் திறக்காமலே உள்ளே இருப்பதை அறிய வேண்டும் என்ற ஆசை பழையது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் விடுதி நடத்திய ஒருவரின் பிள்ளை அவுன்புருக்கர். மார்பை விரலால் தட்டி, ஓசையைக் கொண்டு நோயைச் சொல்லலாம் என்று 1761-இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். விடுதியில் பீப்பாயைத் தட்டி உள்ளே சரக்கு எவ்வளவு என்று பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவர் என்பார்கள். புத்தகத்தைச் சீந்துவார் இல்லை. நெப்போலியனுடைய வைத்தியர் கோர்விசார் 1808-இல் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் காது கொடுத்தது. அடுத்த வருஷமே அவுன்புருக்கர் காலமானார்.

அந்தக் கோர்விசாரின் மாணவர்தான் லேனெக். 1816-இல் பாரிஸ் நெக்கர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இதய நோயுள்ள ஓர் இளம் பெண் வந்தாள். சற்றுப் பருத்த சரீரம். தட்டிப் பார்த்துப் பயனில்லை. மார்பில் காதை வைத்துக் கேட்பதோ மரியாதையில்லை. மரக்கட்டையின் ஒரு முனையைக் குண்டூசியால் கீறினால் மறு முனையில் காது வைத்தவனுக்கு நன்றாகக் கேட்கும் என்பது அவருக்கு நினைவு வந்தது. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேரே காதை வைத்தால் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. 1819-இல் புத்தகம் வெளிவந்தது. 1826-இல், 45 வயதில், எந்த க்ஷயரோகத்தின் ஓசைகளை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தாரோ அந்த க்ஷயத்தினாலேயே இறந்தார்.

குழாயில் ஒரு குறை இருந்தது. அது வாத்தியார் வேலைக்கு ஒத்து வராத கருவி. குழாயின் மறு முனையில் ஒரே ஒரு ஜோடிக் காதுதான் இருக்க முடியும். புரொபஸர் கேட்டுவிட்டு, "இரண்டாவது ஓசைக்குப் பிறகு மெல்லிய முணுமுணுப்பு இருக்கிறது, கேள்" என்று குழாயை மாணவனிடம் கொடுக்கிறார். மாணவனுக்குத் தன் இதயம் அடித்துக்கொள்வதுதான் கேட்கிறது. பின்னால் இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். "கேட்கிறது ஸார்" என்று சொல்லிவிடுகிறான். அவனுக்குக் கேட்டது என்ன என்று புரொபஸருக்கு எப்படித் தெரியும்? கதாசிரியனுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும், நோயாளிக்கு எப்படியோ!

நோயாளியின் பாடு 1948-இல் சட்டென்று அவசரமான விஷயமாகிவிட்டது. இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ்கள் கொண்ட ஒரு கதவு உண்டு. மைட்ரல் வால்வு என்பார்கள். சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து ருமாட்டிக் ஜுரம் கண்டவர்களுக்குப் பின்னாளில் இந்த இதழ்கள் ஒட்டிக்கொண்டு வாசல் குறுகிவிடுகிறது. அமெரிக்காவில் பெய்லி, ஹார்க்கன் முதலிய சர்ஜன்கள், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள்ளேயே விரலை விட்டு ஒட்டிய இதழ்களைப் பிரித்துவிடத் துணிந்தார்கள். பெய்லியிடம் முதலில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இறந்து போனார்கள். 1948-இல் வெற்றி கிடைத்தது. ஆனால் யாருக்கு ஆபரேஷன் செய்வது? வாசல் குறுகியவருக்குச் செய்தால் பிழைப்பார். கதவு சரியாக மூடாமல் ரத்தம் பின்னுக்கு ஒழுகுகிறவருக்குச் செய்தால், ஒழுகல் இன்னும் அதிகமாகி ஆபத்து. இரண்டு கோளாறும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. எது அதிகம் என்று வெளியிலிருந்து சொல்ல வேண்டிய டாக்டரிடம் இருந்தவை குழாயும் எக்ஸ்ரேயும், ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் விடும் மெல்லிய குழலுமே. தப்பாகச் சொன்னால் பழி அவருடையது; உயிர் இன்னொருவருடையது.

ஸ்வீடனில் லுண்ட் என்ற பழைய பல்கலைக்கழக நகரத்தில் இந்தப் பொறுப்பைச் சுமந்தவர் டாக்டர் இங்கே எட்லர். யுத்த காலத்து ரேடாரைப் போல ஏதாவது ஒன்றினால் இதயத்தைப் பார்க்க முடியாதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அதே ஊரில் பௌதிக ஆராய்ச்சியில் இருந்தார் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இளைஞர். ரேடியோ அலைகளைக் கண்ட ஹெர்ட்ஸின் குடும்பம். தகப்பனார் குஸ்தாவ் ஹெர்ட்ஸ் நோபல் பரிசு பெற்றவர். ரேடார் உடம்புக்குள் பலிக்காது, ஒலியைக் கொண்டு வேண்டுமானால் பார்க்கலாம் என்று அவர் சொன்னார்.

காதுக்கு எட்டாத ஒலி அது. நம் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடுகிறது. இது லட்சக் கணக்கில் அதிர்வது. 1880-இல் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். அதையே திருப்பினால், மின்சாரம் பாய்ச்சப் படிகம் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. முதல் உலக யுத்தத்தில் லாஞ்ஜவின் இதை நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடப் பயன்படுத்தினார். பிறகு இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் தொழிற்சாலைக் கருவியாக அது ஆயிற்று. அப்படி ஒரு கருவி பக்கத்து ஊரான மால்மோவில் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தது. 1953-இல் ஹெர்ட்ஸ் அங்கே போய், கப்பல் தகட்டில் வைப்பதைத் தம் மார்பில் வைத்துக்கொண்டார். திரையில் ஒரு கோடு இதயத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடியது!

குஸ்தாவ் ஹெர்ட்ஸ் ஒரு காலத்தில் ஸீமன்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவராக இருந்தவர். அந்தக் கம்பெனி ஒரு கருவியை இரவல் கொடுத்தது. 1953 அக்டோபர் 29-ஆம் தேதி எட்லரும் ஹெர்ட்ஸும் இதயத்தின் எதிரொலியை முதன்முதலாகப் படமாகப் பதிவு செய்தார்கள்.

படம் என்றால் இன்று நாம் காணும் படமல்ல. சில அலைக்கோடுகள், அவ்வளவுதான். அவற்றில் ஒன்று வேகமாக ஏறி இறங்கியது. இடது மேலறையின் சுவர் அது என்று முதலில் நினைத்தார்கள். எட்லருக்குத் திருப்தி ஏற்படவில்லை. மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளைப் பரிசோதித்து, ஒலி எந்த இடத்தில் எந்தத் திசையில் புகுந்தது என்று மார்பில் குறித்துக்கொண்டார். அவர்கள் இறந்த பிறகு, அதே இடத்தில் அதே திசையில், பனிக்கட்டி உடைக்கும் கூரிய கம்பியைச் செலுத்திப் பார்த்தார். கம்பி குத்தியிருந்தது சுவரை அல்ல, மைட்ரல் வால்வின் முன் இதழை! எந்தக் கதவைப் பற்றித் தெரிந்துகொள்ள இவ்வளவு பாடோ, அந்தக் கதவின் அசைவையே அவர் இத்தனை நாளாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வால்வின் கோடு ஆங்கில 'எம்' எழுத்தைப் போல் ஏறி இறங்கும். குறுகிய வால்வில் அந்தப் பள்ளம் தூர்ந்து மேடாகிவிடும். ஆபரேஷனுக்கு யாரை அனுப்பலாம் என்பதற்குக் கண்ணால் காணும் ஓர் அத்தாட்சி கிடைத்துவிட்டது.

(ஹெர்ட்ஸ், வேகமான அலைகளைக் காகிதத்தில் பதிய வழி தேடி, மையைத் தெளித்து அச்சிடும் முறையிலும் முன்னோடி ஆனார். 1977-இல் இருவருக்கும் லாஸ்கர் பரிசு கிடைத்தது.)

ஒரு வித்தையைக் கண்டுபிடிப்பது வேறு, அதைப் பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுப்பது வேறு. இரண்டாவது காரியத்துக்கு அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபைகன்பாம் வந்து சேர்ந்தார். 1963-இல் அவருக்கு வயது 30. இதயத்தின் கொள்ளளவை ஒலியால் அளக்கலாம் என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்து, மாநாட்டுக் கண்காட்சிக்குப் போனார். விளம்பரத்தில் உண்மை இல்லை. விளம்பரங்களின் குணம் நமக்குத் தெரிந்ததுதானே! ஆனால் கருவியைத் தம் மார்பில் வைத்துப் பார்த்தபோது இதயத்தின் பின்சுவர் அசைவது தெரிந்தது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தால், அந்தச் சுவருக்குப் பின்னே எதிரொலியில்லாத ஒரு வெற்றிடம் தெரிய வேண்டுமே என்று அவருக்குத் தோன்றிற்று. ஊருக்குத் திரும்பியதும், மூளையைப் பரிசோதிக்க வாங்கி உபயோகமில்லாமல் கிடந்த ஒரு யந்திரத்தைத் தேடிப் பிடித்தார். நினைத்தது சரியாக இருந்தது. 1965-இல் கட்டுரை வெளிவந்தது. 1968 ஜனவரியில் இண்டியானாபொலிஸில் இதய எக்கோவுக்கென்றே ஒரு வகுப்பு நடத்தினார். 1972-இல் பாடப் புத்தகம் எழுதினார். டாக்டர் அல்லாதவர்களுக்கும் கருவியைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். பல ஊர்களில் இன்று எக்கோ எடுக்கும் தொழில்நுட்பரின் வம்சம் அங்கேதான் தொடங்குகிறது.

அதன் பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். அலைக்கோடுகள் 1970-களில் அசையும் படமாயின. ரத்தம் ஓடும் வேகத்தையும் திசையையும் அளக்க முடிந்தது. அலமாரி அளவு இருந்த யந்திரம் சுருங்கிச் சுருங்கிச் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. அப்போதுதான் மாணவர்களின் கைக்கு அது எட்டியது.

2005-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி பலரைத் தூக்கிவாரிப் போட்டது. முதல் வருஷ மாணவர்கள் இருவருக்கு 18 மணி நேரம் எக்கோ கற்பித்தார்கள். 61 நோயாளிகளை அவர்கள் சிறு கருவியாலும், தேர்ந்த இதய நிபுணர்கள் குழாயாலும் கையாலும் பரிசோதித்தார்கள். இருந்த 239 கோளாறுகளில் மாணவர்கள் 75 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார்கள். நிபுணர்கள் 49 சதவீதத்தைத்தான் சொன்னார்கள். மாணவர்கள் மேதைகள் என்று இதற்கு அர்த்தமில்லை. கருவி மேதை, அவ்வளவே. மறு வருஷம் அமெரிக்காவில் வேய்ன் ஸ்டேட், தென் கரோலினா ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்கள் நான்கு வருஷப் படிப்பிலும் இதைச் சேர்த்துக்கொண்டன.

எப்படிக் கற்பிக்கிறார்கள்? ஒலி எலும்பைத் தாண்டாது. காற்று நிறைந்த நுரையீரலையும் தாண்டாது. ஆகவே விலா எலும்புகளுக்கு நடுவே, நுரையீரல் மறைக்காத சிறு சிறு இடுக்குகளைத் தேட வேண்டும். அவற்றுக்கு ஜன்னல் என்றே பெயர். படுத்திருப்பவரை இடப்பக்கம் ஒருக்களிக்கச் செய்தால் இதயம் மார்புச் சுவரை நோக்கி வருகிறது. குளிர்ந்த ஜெல்லியைத் தடவி, மார்பெலும்புக்கு இடப்புறம், மூன்றாவது அல்லது நான்காவது இடுக்கில் கருவியை வைக்கிறான் மாணவன். திரையில் ஒரே மூட்டம். பயந்துபோய் அழுத்துகிறான், அழுத்தினால் வராது. "நகர்த்து, கிடைத்ததா? இப்போது நகர்த்தாமல் சாய், இப்போது சாய்க்காமல் திருப்பு" என்கிறார் வாத்தியார். கருவியைக் கால் வட்டம் திருப்பினால், நீளவாட்டில் தெரிந்த இதயம் குறுக்குவாட்டில் தெரிகிறது. மைட்ரல் வால்வு மீன் வாயைத் திறந்து மூடுவது போல அசைகிறது. 10 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப ஒலிக்கு ஒரு விநாடியில் ஏழாயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. மாணவனின் மணிக்கட்டு பழகத்தான் மாதங்கள் ஆகின்றன. ஆனால் இங்கே "கேட்கிறது ஸார்" செல்லாது. வாத்தியார் பார்ப்பதும் மாணவன் பார்ப்பதும் ஒரே திரையை.

ஆபத்து இல்லாமல் இல்லை. தெரியவில்லை என்பதையும் அங்கே இல்லை என்பதையும் ஒன்றாக எண்ணிவிடுகிற மாணவன், ஒன்றும் தெரியாத மாணவனைவிட அபாயமானவன். ஆகையால் நல்ல ஆசிரியர்கள் சில கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். இதயம் நன்றாகச் சுருங்குகிறதா? சுற்றிலும் நீர் இருக்கிறதா? வலப்பக்கம் வீங்கியிருக்கிறதா? பெரிய சிரை நிரம்பியிருக்கிறதா? மற்றதற்கு நிபுணர் வரட்டும். என் அபிப்பிராயத்தில் இது மிகவும் விவேகமான ஏற்பாடு.

இத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறவர்கள், எட்லரை வாட்டிய அதே ருமாட்டிக் நோய் ஏழைத் தேசங்களை விட்டு இன்னும் போகவில்லை என்பதை மறக்கிறார்கள். கம்போடியாவிலும் மொஸாம்பிக்கிலும் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்த ஆராய்ச்சி 2007-இல் வெளிவந்தது. குழாயை வைத்துப் பார்த்ததில் கம்போடியாவில் ஆயிரத்துக்கு 2 பேருக்குத்தான் நோய் என்று தெரிந்தது. எக்கோவில் 21 பேருக்கு மேல் அகப்பட்டார்கள். மொஸாம்பிக்கில் 2 என்பது 30 ஆயிற்று. உகாண்டாவில் அறிகுறி இல்லாமல் இப்படி அகப்பட்ட 818 குழந்தைகளில் ஒரு பாதிக்கு மாதா மாதம் பெனிஸிலின் ஊசி போட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஊசி போட்டவர்களில் 3 பேருக்குத்தான் நோய் முற்றியது. போடாதவர்களில் 33 பேருக்கு முற்றியது. 2022-இல் வெளிவந்த கணக்கு இது. ஊசி மலிவு. யாருக்குப் போடுவது என்று பார்க்கத் தெரிந்த கைகள்தான் போதவில்லை.

நம் தேசத்திலும் இந்த நோய் உண்டு. கூடவே, வேறு தேசங்களில் இல்லாத ஒரு சங்கடமும் உண்டு. வயிற்றிலிருப்பது பெண் என்று தெரிந்து கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் ஒரு சட்டம் வந்தது. 1996 முதல் அமலில் இருக்கிறது. ஸ்கேன் யந்திரங்களை வைத்திருக்கும் இடம் பதிவு பெற வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய யந்திரத்தையும், நடமாடும் மருத்துவ வண்டி போன்ற விதிவிலக்கு நீங்கலாக, பதிவு செய்த கட்டடத்துக்குள்ளேதான் உபயோகிக்கலாம். நியாயமான சட்டம், எத்தனையோ பெண் குழந்தைகளின் பொருட்டு வந்தது. அதன் வாசகத்தில் இதயம் வேறு, கரு வேறு என்று பிரித்துக் காண்பது எளிதல்ல. ஸ்டெதாஸ்கோப்பை மாணவன் விடுதிக்குக் கொண்டுபோய் அறைத் தோழன் மார்பில் வைத்து ராத்திரி முழுவதும் பழகலாம். இந்தச் சின்னக் கருவியை அப்படிக் கொண்டுபோக முடியாது. வார்டில் எப்போது முறை வருகிறதோ, அப்போதுதான் அவன் ஜன்னலைத் தேட வேண்டும்.