மிஞ்சிய பொருள் யாருக்கு உரியது?

மைசூரில் வாழும் நம்மவர் பலர், ஹெப்பாள் பகுதியிலுள்ள இன்போசிஸ் கம்பெனியின் பயிற்சி வளாகத்தைப் பார்த்திருப்பர். அக்கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இந்நகரின் தேசியப் பொறியியல் கல்லூரியில் பயின்று 1967-இல் பட்டம் பெற்றவர். 1981-இல் 10,000 ரூபாய் முதலுடன் தொடங்கிய அந்த ஸ்தாபனம், 2017-இல் 13,000 கோடி ரூபாயைத் தன் பங்குதாரர்களுக்குத் திருப்பியளித்தது. பங்கொன்றுக்கு 1,150 ரூபாய் கொடுத்து, சுமார் 11.30 கோடிப் பங்குகளைத் தானே வாங்கி ரத்துச் செய்தது.

கம்பெனி தன் பங்கைத் தானே வாங்குவதா என்று வியப்புறலாம். நெடுங்காலம் சட்டமும் அதனை ஒப்பவில்லை. இங்கிலாந்தில் ஃபிளானல் துணி நெய்த ஒரு கம்பெனி, தன் பங்குகளை வாங்கிவிட்டுப் பின்னர் கலைக்கப்படும் நிலையை அடைந்தது. விற்றவர் தரப்பில் பாக்கித் தொகையைக் கோரினர். 1887-இல் பிரபுக்கள் சபை அதனை மறுத்தது. மூலதனம், கடன் கொடுத்தோர் நம்பியிருக்கும் ஈடு. அதனைப் பங்குதாரர் கைக்கு மறைமுகமாகத் திருப்புதல் தகாது என்பதே தீர்ப்பின் சாரம். நமது 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் இவ்வழியே சென்றது.

1998 அக்டோபரில் பிறந்த அவசரச் சட்டம் இக்கதவைத் திறந்தது. ஆனால் தாழ்ப்பாளையும் வைத்தது. செலுத்தப்பட்ட மூலதனமும் தடையற்ற ஒதுக்கு நிதியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் செலவிடலாகாது. பங்குகளை வாங்கியபின், கடன் அவ்விரண்டின் கூட்டுத்தொகையைப்போல் இரு மடங்கைத் தாண்டலாகாது. வாங்கிய பங்குகளை அழித்துவிட வேண்டும். அயல்நாடுகளில் பெருங்கடன் வாங்கியும் பங்குதாரருக்குப் பணம் வழங்குவதுண்டு. அத்தகைய துணிச்சலுக்கு இங்கே இவை அணையாக நிற்கின்றன.

இதனால் யாருக்கு என்ன பயன்? நூறு பங்குகளில் பத்து அழிந்தால், வருங்கால லாபம் தொண்ணூறு பங்குகளுக்கே பிரியும். விற்றவர் கையில் ரொக்கம். விற்காதவர்க்குக் கூடிய பங்குரிமை. ஆயினும் அவர் உரிமை கொள்ளும் கம்பெனியின் கஜானா முன்னினும் சிறுத்திருக்கும் என்பதை மறத்தலாகாது.

விலை கூறிப் பங்குகளைக் கேட்கும் முறையில், இரண்டு லட்சம் ரூபாய் மதிப்புக்கு மேற்படாத பங்குடையோர்க்கு 15 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. 2025-இல் இன்போசிஸ் 18,000 கோடி ரூபாய்க்குப் பங்குகளைக் கேட்டபோது, நிறுவனர் தரப்பினர் தம் பங்குகளை அளிக்கவில்லை.

நேயர்களே! சேமிப்பில் நாலு பங்கு வாங்கி வைத்திருக்கும் குடும்பத்துக்கும் இத்தகைய கடிதம் ஒருநாள் வரலாம். தரும் விலையை மட்டும் பார்த்தல் போதாது. தொழிலுக்கும் கடனுக்கும் வேண்டியது போக உண்மையில் மிஞ்சிய பணமா அது என்று கேட்டறிந்து முடிவு செய்வோமாக. அந்தத் துணிக் கம்பெனியின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.